பாக்காதீங்க படக்காரர்

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை வரைக்கும், கலியாணப் படத்தில் ஒழுங்காகக் கேமராவைப் பார்த்து நின்ற மாப்பிள்ளை ஒருவர்கூடக் கிடையாது. ஐம்பதுகளில் அதற்குப் பொறுப்பு ஒரே மனிதர்தான். மற்றப் படக்காரர்கள் "இங்க பாருங்க" என்பார்கள். இவரோ "பாக்காதீங்க! பாக்காதீங்க!" என்று கத்துவார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஒரு கலியாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மணவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெண்ணின் அண்ணன் அழுதுகொண்டிருந்ததைப் படமெடுத்தார். கேட்டதற்கு, "தாலி எல்லாக் கலியாணத்துலயும் ஒண்ணுதாங்க. இந்த மூஞ்சி இன்னிக்கு மட்டுந்தான்" என்றாராம்.

அப்படிப்பட்டவரைத் தேடிப் போய் என் கலியாணத்துக்கு அழைத்தவன் நான். பெண் என் அத்தை மகள் வள்ளி. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மச்சான், எனக்கு நகை வேணாம், பட்டும் வேணாம். அம்மா படத்துல இருக்கணும்."

மாமா இறந்த பிறகு அத்தை எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை. கெஞ்சிப் பார்த்தோம். "தாலியறுத்தவ மணவறைக்கு வர்றதா? எம்மக நல்லா இருக்கணும்ய்யா" என்று ஒரே பிடிவாதம்.

படக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அவங்க கேமராவப் பாக்கவே மாட்டாங்க, இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரிச் சிரித்தார்.

கலியாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். வள்ளியின் பெரியப்பாதான் தோட்டத்துப் பெரிய கங்காணி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு படமெடுக்க வேண்டுமென்று கோட்டும் தலைப்பாகையுமாகக் காலையிலிருந்தே விறைத்து நின்றார். துரையும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்டிமேளம் கொட்டியது, நான் தாலி கட்டினேன். படக்காரரை மட்டும் காணோம். துரை கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், போய்விட்டார்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து சாவகாசமாக வந்து சேர்ந்தார் நம் ஆள்.

"எங்கய்யா போய்த் தொலஞ்ச? தொரை போயிட்டாரு!"

"தொரை எங்கங்க போயிறப் போறாரு? நாளைக்குக் காலையில ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்களத்துல நிப்பாரு."

கங்காணி பிரம்பைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து ஓடிய படக்காரர், நடுவில் திரும்பி, "பாக்காதீங்க கங்காணி!" என்று கத்தியபடி ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் படங்கள் வந்தன. மொத்தம் பன்னிரண்டு. அதில் என்னுடையது இடது காது மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசிப் படத்தைப் பார்த்த வள்ளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லயத்துக் கோடியில், சோற்று அடுப்புக்குப் பக்கத்தில், கன்னத்தில் கரியோடு தனியாக நிற்கிறார் அத்தை. கண் கீழே கோயிலில் இருக்கிறது. உயர்த்திய கையிலிருந்து மஞ்சளரிசி எங்களை நோக்கிப் பறந்துகொண்டிருக்கிறது. அத்தனை தூரத்திலிருந்து எங்களை வாழ்த்தியிருக்கிறார். எங்களுக்குத் தெரியவே இல்லை.

அத்தை படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இந்த அழுக்குச் சேலையோடயா எடுத்தான் பாவி?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கி அந்த மனுசன் சாப்பிட்டாராய்யா?" என்று கேட்டார்.

பிரம்புக்குப் பயந்து ஓடியவர் எங்கே சாப்பிட்டார்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து இலை போட்டோம். அத்தை பரிமாறினார். இரண்டாம் முறை சோறு வைத்தவன், படத்தில் காது மட்டும் கிடைத்த நான்.