இடுப்புப் பூட்டு

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை என்று லாரிக்காரர்கள் புகார் செய்தார்கள். நிறுத்திவிட்டுத் திரும்பினால் சைக்கிளே கண்ணுக்குத் தெரிவதில்லை என்று ஓட்டுகிறவர்கள் புகார் செய்தார்கள். இரண்டும் தெரியாமல் போகிற சமாச்சாரம்தானே என்று நகர நிர்வாகம் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டது. அந்தக் கோப்பிலிருந்து பிறந்ததுதான் இடுப்புப் பூட்டு.

சாமான் நல்ல சாமான்தான், குறை சொல்லக்கூடாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை, வெளிச்சம் பட்டால் கண் கூசும். ஓட்டும்போது இடுப்பில் கட்டினால் ஆள் தெரிவார். நிறுத்தும்போது வண்டியில் மாட்டினால் பூட்டு. இத்தோடு விட்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். ஆனால் பளபளப்பை ஒரு பிரிவும் பூட்டை இன்னொரு பிரிவும் பார்த்துக்கொண்டன. "பட்டை எந்நேரமும் அணியப்பட்டிருத்தல் வேண்டும், அணியாதவர் கண்ணுக்குத் தெரியாதவராகவே கருதப்படுவார்" என்றது ஒளிர்வுப் பிரிவு. "நிறுத்தப்பட்ட மிதிவண்டி எந்நேரமும் அப்பட்டையால் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்" என்றது பூட்டுப் பிரிவு. ஆளுக்கு ஒரே பட்டைதான் என்பதில் மட்டும் இரண்டுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

அந்த ஊரில் ஒரு சலூன்காரர். யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க" என்பார், அதனால் பட்டப்பெயரும் ஆகட்டுங்கதான். ஒருநாள் அவருக்குக் கல்யாணம். நிர்வாக அலுவலகத்து மாடியிலேயே பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மணப்பெண் பஸ் ஓட்டுநர், எதிரே வருகிறவன் ஒதுங்கித்தான் போக வேண்டும் என்கிற ரகம்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டாதீங்க. நேரா மாடிக்கு வாங்க" என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

"ஆகட்டும்" என்றிருந்தார் மாப்பிள்ளை.

வாசலில் காவலாளி மறித்தார். "வண்டியைப் பூட்டுங்க."

ஆகட்டுங்க பட்டையைக் கழற்றி வண்டியில் சுற்றினார், இன்னும் அமுக்கவில்லை.

"பட்டையில்லாம உள்ளே விட முடியாது."

"பட்டை வண்டியில இருக்கே."

"வண்டி நல்லாத் தெரியுது. நீங்கதான் தெரியல."

"அப்போ யார்கிட்டங்க பேசிட்டிருக்கீங்க?"

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு" என்றார் காவலாளி, நிஜமாகவே கவலையோடு.

வேறு வழி? பட்டையைத் தன் இடுப்பையும் சைக்கிள் கம்பியையும் சேர்த்துச் சுற்றி அமுக்கினார் மாப்பிள்ளை. க்ளிக். காவலாளி சலாம் போட்டு, வண்டியோடு உள்ளே விட்டார். சாவியெல்லாம் பாதுகாப்பு கருதிப் பூட்டுப் பிரிவில்தான் இருந்தது. அங்கே போய் நின்றார்.

பூட்டு அதிகாரி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "சாவி இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா திறந்தா என்ன ஆகும்? தெரிஞ்சுக்கிட்டிருக்கிற ஒருத்தரை நானே தெரியாம ஆக்கணும். பூட்டியிருக்கிற வண்டியை நானே திறந்து போடணும். ஒரே திருப்புல ரெண்டு விதி போச்சு. என் சர்வீஸ்ல அப்படி நடந்ததே இல்லீங்க."

அதற்குள் ஒளிர்வு அதிகாரியும் ஓடி வந்துவிட்டார். இரண்டு விதியையும் ஒருசேரக் கடைப்பிடிக்கிற ஒரு மனிதனை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. 'முன்மாதிரிக் குடிமகன்' என்று படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிங்க என்றார்கள். ஆகட்டுங்க என்றார்.

படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் பெடல் முழங்காலில் ஒரு போடு போட்டது. பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, "சாட்சி இவரா?" என்று சைக்கிளைக் காட்டிக் கேட்டார்.

பெண் சிரிக்கவில்லை. "முடியாதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வராதா? நாளைக்கு எவனாவது வந்து பொண்டாட்டியை விட்டுடுன்னா, அதுக்கும் ஆகட்டுங்கதானா? இப்படியே நின்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஆகட்டுங்கவுக்கு அவமானத்தில் காது சுட்டது. இவள் போய்விட்டால் தன் வாழ்க்கையில் மிஞ்சப்போவது இந்த சைக்கிள் மட்டும்தான் என்று தெரிந்து நடுங்கிப்போனார். "கழட்ட முடியலம்மா" என்றார், அழாத குறையாக.

"பையில என்ன வச்சிருக்கீங்க?"

தொழில் கத்தரிக்கோல். எங்கே போனாலும் கூடவே இருக்கும். அவள் அதை உருவினாள். சரக். பட்டை இரண்டாகி விழுந்தது, சைக்கிள் பதிவாளர் மேஜைமேல் சாய்ந்தது.

பட்டையில்லாத மாப்பிள்ளை சட்டப்படி தெரியக்கூடாது. நல்லவேளை, பதிவாளர் வேறு துறை. அந்த உத்தரவு அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவர் கண்ணுக்கு மாப்பிள்ளை தெளிவாகவே தெரிந்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

விஷயம் வெளியே வந்ததும் விசாரணை வைத்தார்கள். பூட்டில் குற்றமில்லை, கத்தரிக்கோலில்தான் குற்றம் என்று தெளிவானது. ஊரிலுள்ள கத்தரிக்கோல்கள் அனைத்தையும் இடுப்புப் பூட்டால் கட்டிப் பூட்டினார்கள். சலூனும் மூடிக்கொண்டது.

இதற்கிடையில் அந்த முன்மாதிரிப் படம் பத்திரிகையில் வந்து தொலைத்தது. இளவட்டங்கள் சைக்கிளோடு தங்களைப் பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனார்கள். சைக்கிள் இல்லாதவர்கள் ஒற்றைச் சக்கரம் வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். முடி வளர்ந்து எல்லாருக்கும் கண்ணை மூடியது. அதுதான் இப்போது ஸ்டைல் என்றார்கள். லாரிக்காரர்களுக்கும் வளர்ந்தது. சைக்கிள்காரர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை என்று மறுபடி புகார் குவிந்தது.

நிர்வாகம் மண்டபத்தில் கூட்டம் போட்டது. "பட்டையின் அகலம் போதவில்லை எனத் தெரிகிறது. இனி அக்குளிலிருந்து முழங்கால்வரை பட்டை. அனைவருக்கும் சம்மதமா?" என்றார் ஒளிர்வு அதிகாரி, நெற்றி முடியை ஊதியபடி.

"ஆகட்டுங்க" என்றது மண்டபம் மொத்தமும்.

பஸ் ஓட்டுநர் கணவரை முழங்கையால் இடித்தாள். அவர் எழுந்தார். வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்னார்: "ஆகாதுங்க. கத்தரிக்கோலைக் குடுங்க, முடியை வெட்டிட்டா எல்லாம் தானாத் தெரியும்."

மனைவிக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. அதிகாரி முடியை விலக்கி அந்தப் பக்கம் உற்றுப் பார்த்தார். இடுப்பில் பட்டை இல்லை.

"அங்கேயிருந்து யாரோ பேசின மாதிரி இருந்ததே?"

சலூன்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவரிடம் வருஷக்கணக்காக முடி வெட்டிக்கொண்டவர். அவர் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். தன் பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"இல்லீங்களே" என்றார். "இங்கே காலி நாற்காலிதாங்க."