நங்கூரம் போட்டு நிறுத்திய கார்

எங்கள் பரம்பரையில் யாருக்கும் பிரேக் கிடையாது. வாய்க்கும் இல்லை, வண்டிக்கும் இல்லை.

முல்லைத்தீவில் கடல்நீர் தேங்கும் களப்போரம் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி இருந்தது. ஊரார் மோட்டார் காரைக் கண்ணால் காணாத காலத்திலேயே, என் பெரியப்பா சூசைப்பிள்ளை அதற்குள் இருந்து ஒரு காரைச் செய்தார். தோட்டத்துத் துரை எறிந்த தண்ணீர்ப் பம்ப் இயந்திரம், மாட்டுவண்டிச் சில்லுகள், வள்ளத்துப் பலகை. திருப்புவதற்கு வள்ளத்துச் சுக்கான்; ஒரு பக்கம் தள்ளினால் மற்றப் பக்கம் திரும்பும். (மனுசன் கடலுக்குப் போறவர், வேறென்ன தெரியும்?) பிரேக்குக்குப் பதிலாகக் கயிறு கட்டிய நங்கூரம். எல்லாம் முடிந்த பிறகுதான், கிட்டங்கிக் கதவு ஆள் நுழையும் அகலம் மட்டுமே என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. முன்சுவரை இடித்தார். கார் கோயில்வரை போய்த் திரும்பியது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். காருக்கா, பெரியப்பாவுக்கா என்று ஊர் நெடுநாள் சண்டை பிடித்தது. அதன்பின் கார் கிட்டங்கியை விட்டு அசையவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குத் திரேசாவைப் பேசினார்கள். அவளுடைய தகப்பன் மீன் லொறிக்காரர். லொறி ஓடத் தெரிந்த மாப்பிள்ளைதான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்குச் சைக்கிளே ஒழுங்காக ஓடவராது. ஆனால் திரேசாவைக் கோயிலில் கண்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஆகவே அளந்துவிட்டேன்.

"மாமா, (கலியாணம் பேசி முடியமுன்னமே மாமா!) கார் ஓட்டம் எங்கடை ரத்தத்திலை இருக்கு. பெரியப்பான்ரை காரை இப்ப நான்தான் ஓடுறனான்."

"அப்ப ஒருக்கா ஓடிக் காட்டுங்கோவன்," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கிட்டங்கி நடுவில் கதிரை போட்டு, அவரை ராசா மாதிரி இருத்தினேன். (மடையன்! அங்கேயா போடுவது?) இயந்திரம் கிளம்பாது, பழியை அதன் தலையில் போடலாம் என்பது என் திட்டம். மனுசன் சும்மா இருந்தால்தானே! எழும்பிவந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, கைப்பிடியைச் சுழற்றினார். பாழாய்ப்போன இயந்திரம் இருமி இருமி உயிர்த்தது. அவர் மறுபடி கதிரையில் போய் இருந்தார்.

"எடுங்கோ தம்பி."

சுக்கானை வாசல் பக்கம் தள்ளினேன். கார் பின்சுவர்ப் பக்கம் திரும்பியது.

"மற்றப் பக்கம் தள்ளுங்கோ! வள்ளம் ஓடினதில்லையோ?" என்று திரேசா கத்தினாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அதே பக்கம் இன்னும் பலமாகத் தள்ளினேன். சுவர் கிட்ட வந்தது.

"ஐயோ, நங்கூரத்தை எறியுங்கோ!" என்று மறுபடியும் கத்தினாள்.

எறிந்தேன். அது போய் மாமாவின் கதிரைக் காலில் கொளுவியது.

கார் சுவரை உடைத்துக்கொண்டு களப்புக்குள் இறங்கியது. பின்னால் கதிரை. கதிரையில் மாமா, இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி, அந்தோனியார் தொடக்கம் ஒரு புனிதரையும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். முழங்கால் சேற்றில் எல்லாம் நின்றது.

கலியாணமும் சேற்றோடு போச்சே என்று எனக்கு அழுகை வந்தது. திரேசாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துச் சொன்னாள்: "அப்பா, நான் இவரைத்தான் கட்டுவன். தனிய விட்டா ஊரிலை ஒரு சுவரும் மிஞ்சாது."

மாமா மீசைச் சேற்றை வழித்தெறிந்தார். "கட்டு. ஆனா லொறியைக் கிளப்புற திறப்பு உன்ரை கையிலைதான் இருக்கவேணும்."

அப்படியே நடந்தது. லொறியை அவள் ஓடினாள். நான் மீனுக்குக் காவல் இருந்தேன். கிட்டங்கிக்கு முன்னால் பெரியப்பா வாசல், பின்னால் என் வாசல். ஊரிலேயே நல்ல காற்றோட்டமான கட்டிடம் என்று பெயரெடுத்தது. மாமா சாகும்வரை என் வீட்டில் கதிரையில் இருக்கவில்லை, பாய்தான் கேட்பார். இன்றைக்கும் நான், "பொறுங்கோ, செய்து காட்டுறன்," என்று வாயெடுத்தால் போதும், திரேசா தொடக்கம் பேரப்பிள்ளைகள்வரை எல்லாரும் கதிரையை விட்டு எழும்பிவிடுகிறார்கள்.