மூன்றாவது லெம்மாவும் முட்டைக்கோஸ் பொரியலும்

பாலக்காடு,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புத் தம்பி ஜெகனுக்கு,

அக்கா செல்வலட்சுமி எழுதுவது. இங்கு நானும் உன் மச்சானும் சுகம். அங்கு நீயும் உன் மனைவியும் கம்பத்தில் கல்யாண விருந்தெல்லாம் முடித்து வண்டன்மேடு திரும்பி, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ சுகமாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தச் சுகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

எங்கள் இயற்கணிதக்காரர்களின் மூன்று நாள் மாநாட்டை உன் ஹோம்ஸ்டேயில் நடத்தலாம் என்று கமிட்டியிடம் சொன்னது நான்தான். ஏலத்தோட்டத்தின் நடுவில் அமைதி, காய் உலர்த்திய பழைய ஏலக்காய் ஸ்டோரை மாற்றிக் கட்டிய பெரிய சாப்பாட்டு ஹால், தம்பி பொறுப்பானவன் என்றெல்லாம் சொன்னேன். இதில் முதல் இரண்டும் உண்மை. நீ என்ன செய்தாய்? மாநாட்டுக்கு முந்தின நாள் நான் பையோடு வந்து இறங்கியதும், "மச்சினன் கல்யாணம்க்கா, போகலைன்னா ஆயுசுக்கும் பேச்சு. சமையலுக்கு அத்தை இருக்கு, மேல்பார்வைக்கு நீ இருக்க, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாய். நான் அந்த மாநாட்டில் பேச வந்தவள் ஜெகன். மேல்பார்வைக்கு வந்தவள் இல்லை.

பேச வந்தவள் என்றால் என்ன என்று உனக்கு ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். பேராசிரியர் ஹரிநாராயணன் என்று ஒருவர். கல்பாத்திக்காரர், எங்கள் துறையில் மிகப் பெரிய பெயர். நான் எம்.எஸ்சி. படித்த காலத்தில் அவர் ஒரு கட்டுரையின் கடைசியில் ஒரு கேள்வியை எழுதி, விடை தனக்குத் தெரியவில்லை என்று விட்டிருந்தார். கல்யாணம், காலேஜ் வேலை, பரீட்சைப் பேப்பர், மாமியாரின் முழங்கால் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கேள்வி என் தலையில் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது. போன வருடம் அதற்கு விடை கண்டுபிடித்தேன். நம் குடும்பத்தில் எல்லோருக்கும் நான் கணக்கு டீச்சர். கணக்கு சொல்லிக்கொடுப்பதும் கணிதத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு என்று யாருக்கும் விளக்கியதில்லை. விளக்கினால் பெருமையடிப்பதாகத் தோன்றுமோ என்று எனக்கே கூச்சம். அந்த மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஒரு சால்வை கூட வேண்டாம்.

அவர் வந்து இறங்கினார். தூறலும் குளிருமாக இருந்ததால், பெயர் எழுதிக் கழுத்தில் மாட்டிய அட்டை என் ஸ்வெட்டருக்குள் போயிருந்தது. கையில் நீ கொடுத்துவிட்டுப் போன சாவிக்கொத்து. என்னைப் பார்த்ததும், "அம்மா, கொஞ்சம் வெந்நீர் கிட்டுமோ? நேக்குத் தொண்டை சரியில்லே" என்றார். சார், உங்கள் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவள் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். இதில் என் கோபம் அவர் மேல் இல்லை. ஓடிப்போய் எடுத்து வந்த என் கால் மேல்தான். ஒரு தடவை வெந்நீர் கொடுத்துவிட்டால் அப்புறம் நீ யாரென்று யார் கேட்கப் போகிறார்கள்? ஒருவர் கம்பளி கேட்டார், ஒருவர் அட்டைப்பூச்சி கடித்த காலைத் தூக்கிக் காட்டி உப்பு கேட்டார், எல்லோரும் வைஃபை கேட்டார்கள். பாஸ்வேர்டு உன் மனைவி பெயரும் உன் கல்யாண வருடமும். அதை அத்தனை பெரிய மூளைகளுக்கு நடுவில் நின்று நான் உரக்கச் சொன்னேன். வருடம் தப்பு. இரண்டாவது தடவையும் தப்பு. தம்பியின் கல்யாண வருடம் தெரியாத அக்கா என்று அங்கேயும் ஒரு பெயர்.

இனி கரும்பலகை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் திரையில் படம் ஓட்டிப் பேசினால் மதிக்கமாட்டார்கள். சாக்பீஸால் பலகையில் எழுதித்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டு பலகை வேண்டும் என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "எல்லாம் ரெடிக்கா" என்றாய். ஒன்று ஸ்கூலில் கேட்டு வாங்கியது, சரி. இன்னொன்று சாப்பாட்டு ஹால் சுவரில் அடித்திருக்கும் உன் மெனு போர்டு என்று நீ சொல்லவே இல்லையே! அதில் தினமும் காலை பதினொன்றரைக்கு மத்தியானச் சாப்பாட்டை எழுதுவது நம் சுருளியம்மாள் அத்தையின் வழக்கம் என்பதையும் சொல்லவில்லை. முதல் நாள் ஸ்கூல் பலகையே போதுமாக இருந்ததால் நானும் கவனிக்கவில்லை.

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்னுடையது. எனக்கு முன்னால் சுதீப் என்று ஒரு இளைஞர். சொந்தச் சாக்பீஸைத் தோடு ஜிமிக்கி மாதிரி வெல்வெட் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் ஸ்கூல் பலகையில் எழுதப் போகிறார் என்பதால், டீ இடைவேளையில் எங்கள் வழக்கப்படி நான் மற்றப் பலகையில் முன்கூட்டியே எழுதி வைத்தேன். மேலே என் பெயர், அதன் கீழே தேற்றம், அதற்கும் கீழே 'லெம்மா 3' என்று தலைப்பிட்டு அதன் நிரூபணம் முழுவதும். லெம்மா என்றால் பந்தலுக்குக் கால் மாதிரி. முதல் இரண்டு கால்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவது கால்தான் என் சொந்தக் கால், அதன் மேல்தான் தேற்றமே நிற்கிறது. எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், அழகாக இருந்தது.

சுதீப் பேச ஆரம்பித்தார், முடிக்கவில்லை. தலைமை தாங்கியவர் 'ஐந்து நிமிடம்' என்று அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஐந்து நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்து நன்றி சொல்லிவிட்டுப் புதிதாக ஒரு எடுத்துக்காட்டைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப்காரன் டின்டு என்னைக் கூப்பிட்டான். மாநாடு என்றால் நடுநாள் மத்தியானம் ஊர் சுற்றல் என்பது எங்கள் கூட்டத்தின் மாறாத சம்பிரதாயம். "சேச்சி, மஞ்சு எறங்கிச்சுன்னா பின்னே ராமக்கல்மேட்டுல ஒண்ணும் காணாது. சார்மாரை வேகம் ஏத்துங்க" என்றான். மூடுபனி இறங்கிவிடும் என்ற அவசரம் அவனுக்கு. "நான் இன்னும் பேசவே இல்லையே டின்டு" என்றேன். "ஜீப்புல இருந்துட்டுப் பேசலாமே சேச்சி" என்றான்.

அவனைச் சமாளித்துவிட்டு உள்ளே வந்தால் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். மிச்சம் இருந்தது கால் மணி நேரம் கூட இல்லை. பரவாயில்லை, எல்லாம்தான் எழுதியிருக்கிறதே என்று ஆரம்பித்தேன். அவருடைய கேள்வியைச் சொன்னேன். முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த ஹரிநாராயணன் கண்ணைத் திறந்தார். ஜெகன், அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் உன் ஹோம்ஸ்டேயில் கம்பளி சுமந்தேன். தேற்றத்தைச் சொன்னேன். "இது முழுக்கவும் மூன்றாவது லெம்மாவிலிருந்து வருகிறது" என்று கம்பீரமாகத் திரும்பிக் கை காட்டினேன். பலகையில் இருந்தது இது:

லெம்மா 3: சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், ரசம், அப்பளம், மோர்.

எல்லோரும் சுதீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை ஈரத் துணியோடு வந்து தன் கைக்கு எட்டிய உயரம் வரை துடைத்திருக்கிறது. தலைப்பும் தேற்றமும் எட்டாததால் தப்பின. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. சமையல்கட்டு வாசலில் நின்ற அத்தையைப் பார்த்து, "என்ன அத்தை இது!" என்றேன். "ஏத்தா செல்வி, சின்னப் புள்ளைக கிறுக்கி வச்சிருக்குன்னு நெனச்சேன். மத்தியானத்துக்கு என்னான்னு எழுத எடம் வேணாமா? சரி சரி, பேச்ச முடி, ரசம் ஆறிப்போகுது" என்று அங்கிருந்தே கத்தியது. ஹரிநாராயணன் எழுந்து நின்று, மிக மரியாதையாகக் கேட்டார்: "மூணாவது லெம்மா எங்கேயாக்கும்?"

"சாம்பாருக்கு அடியில இருக்கு சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? திரும்ப எழுதச் சாக்பீஸை எடுத்தேன். வெளியே டின்டு ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. "அப்போ சாப்ட்டுண்டே ஆலோசிக்கலாம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. வெளியே தூறல் என்று குரூப் போட்டோவையும் அந்தப் பலகைக்கு முன்னாலேயே எடுத்தார்கள். எடுத்தது டின்டு. கடைசி நாள் கிளம்பும்போது ஹரிநாராயணன் என்னிடம் வந்து, "நான் உங்களை மேனேஜர்னு இல்லையா நினைச்சேன்! அந்த லெம்மாவை எழுதி அனுப்புங்கோ" என்றார். என் இத்தனை வருடத்துக்கும் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம். அதிலும் பாதி மேனேஜருக்கு.

இதெல்லாம் போகட்டும் என்று ஊர் வந்து சேர்ந்தால், டின்டு அனுப்பிய அந்தப் போட்டோவை உன் ஹோம்ஸ்டேயின் இணையப் பக்கத்தில் முகப்பில் போட்டு, 'கணித மேதைகள் விரும்பும் வீட்டுச் சாப்பாடு' என்று எழுதியிருக்கிறாய். என் தலைக்கு மேலே முட்டைக்கோஸ் பொரியல். என் மாணவிகள் பார்த்து இதயம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதம் கண்டதும் அந்தப் போட்டோவை எடுத்துவிடு. இனிமேல் அந்தப் பலகையில் கை வைக்கக் கூடாது என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல். பூஜை லீவுக்கு நான் அந்தப் பக்கம் வருவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கோபத்தில் எழுதினாலும் பெரியவள் நான் வாழ்த்தாமல் முடிக்கக் கூடாது. இந்த வருடம் காய் நல்ல விலைக்குப் போகட்டும், உன் அறைகள் நிறையட்டும், புது மாப்பிள்ளையும் பெண்ணும் சண்டையில்லாமல் இருக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. அத்தையைக் கேட்டதாகச் சொல்லாதே.

உன் அக்கா,
செல்வலட்சுமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் ஹரிநாராயணன் சாருக்கு அனுப்ப அந்த லெம்மாவைச் சுத்தமாகப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். காலை மத்தியானமாகிவிட்டது. நடுவில் ஒரு வரி, அதிலுள்ள பெயர்கள் உனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு பிரைம் ஐடியலின் வர்க்கம் எப்போதும் பிரைமரியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இருக்காது. நன்றாகக் காய்த்த செடியின் விதையைப் போட்டால் அதே மாதிரி காய்க்கும் என்று நம்பி நீ ஒரு வருடம் நட்டாயே, அந்த மாதிரித் தப்பு. எம்.எஸ்சி. பிள்ளைகள் இதை எழுதினால் வருடா வருடம் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான். அன்று அது பலகையில் இருந்திருந்தால் அவர் முன்வரிசையிலிருந்தே பார்த்திருப்பார். அத்தை துடைத்ததில் அந்த வரியும் சேர்ந்து போனது.

பந்தல் விழவில்லை, ஒரு கால் மட்டும் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். பூஜை லீவுக்கு வருகிறேன், மலைப் பக்கத்து அறையை யாருக்கும் கொடுக்காதே. தினமும் நான் எழுதியதை அத்தை பதினொன்றரைக்குத் துடைக்கட்டும், ஒன்றும் சொல்லாதே. அந்தப் போட்டோவும் அப்படியே இருக்கட்டும். எனக்கும் ஒரு பிரதி சட்டம் போட்டு அனுப்பு. அன்று அந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டவற்றில் உண்மையாக இருந்தது அத்தை எழுதியது மட்டும்தான். எல்லோரும் சாப்பிட்டார்களே.