எல்லோர் வயிற்றிலும் ஒரு முயல்

ஒரு காட்டில் ஓர் எம்.ஆர்.ஐ. இயந்திரம் வாழ்ந்து வந்தது. காட்டுக்குள் அவ்வளவு பெரிய காந்தம் எப்படி வந்தது, கரண்டுக்கு என்ன செய்தார்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். மான் பேசும், கொக்கு வைத்தியம் பார்க்கும் என்றால் பேசாமல் தலையாட்டுகிறீர்கள். கரண்டுக்கு மட்டும் விளக்கம் கேட்பது என்ன நியாயம்?

இயந்திரத்துக்குக் குகை மாதிரி ஒரு வாய். அதற்குள் போய்ப் படுத்தால், கத்தி வைக்காமல், தோலைக் கிழிக்காமல், வயிற்றுக்குள் இருப்பதை அப்படியே படம் பிடித்துக் கொடுத்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: முக்கால் மணி நேரம் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். அதுவும் நிம்மதியாக இல்லை. உள்ளே 'டட் டட் டட் டட்' என்று தலைக்கு மேல் யாரோ தகரக் கூரை வேய்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும்.

எந்த மிருகம் அசையாமல் கிடக்கும்? குரங்கு போனது. பாதியில் முதுகைச் சொறிந்துகொண்டது. படத்தில் அதற்கு ஏழு கை. அணில் போனது. படத்தில் வால் மட்டும் இருந்தது, அணிலைக் காணோம். யானையின் தும்பிக்கை மட்டும் உள்ளே போனது. யானைக்கு ஜலதோஷம் என்று கண்டுபிடித்தார்கள். அது யானைக்கு முன்பே தெரியும்.

இப்படி ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்பப் படுக்க வைத்ததில் வரிசை அருவி வரைக்கும் நீண்டுவிட்டது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு வியாதி தானாகவே குணமாகிவிட்டது. மீதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் இடத்தை விட மனசில்லாமல் அவர்களுடைய பிள்ளைகள் வந்து நின்றுகொண்டார்கள்.

தலைமை மருத்துவரான டாக்டர் நெடுங்கிள்ளிக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. நெடுங்கிள்ளி ஒரு கொக்கு. ஆனால் டாக்டராகிவிட்டதால் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். அவர் ஒற்றைக் காலில் நின்று யோசித்து ஒரு புது உத்தியைக் கண்டுபிடித்தார். முக்கால் மணி நேரம் எதற்கு? இரண்டே நிமிஷம் படம் எடுப்போம். கிடைத்தவரைக்கும் கிடைக்கட்டும். மிச்சத்தை இயந்திரமே யூகித்து நிரப்பிக்கொள்ளட்டும். பாதிப் புள்ளி வைத்ததுமே முழுக் கோலத்தையும் போட்டு முடித்துவிடுகிற கெட்டிக்காரிகள் இல்லையா, அந்த மாதிரி.

யோசனை நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோலம் போடுகிறவள் முன்னால் நாலு கோலத்தையாவது பார்த்திருக்க வேண்டும் அல்லவா? இயந்திரத்துக்கும் நிறைய முழுப் படங்களைக் காட்டினால்தான் வயிறு என்றால் எப்படி இருக்கும் என்று பழகும். முழுப் படத்துக்கு முக்கால் மணி நேரம் அசையாமல் கிடக்கும் ஆள் வேண்டும். காட்டையே சலித்ததில் அப்படி ஒரே ஓர் ஆள்தான் அகப்பட்டது. அக்கரையில் குடியிருந்த மலைப்பாம்பு, பெயர் மாசிலாமணி.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கு இக்கரை இலைதழை தின்கிறவர்களுக்கு. அக்கரை இறைச்சி தின்கிறவர்களுக்கு. மாசிலாமணி இக்கரைக்கு வரக் கூடாது. ஆனால் ஆராய்ச்சி என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் அது தாராளமாக வந்து போனது. பசியோடு இருந்தால் மலைப்பாம்புக்குக்கூட நிலைகொள்ளாது. அதனால் வருகிற வழியில் ஒரு முயலை விழுங்கிவிட்டுத்தான் வரும். உண்ட மயக்கத்தில் இயந்திரத்துக்குள் நீட்டிப் படுத்தால், இடியே விழுந்தாலும் அசையாது. வழியில் யாரை விழுங்கினாய் என்று ஆராய்ச்சி கேட்கவில்லை. அதெல்லாம் ஆராய்ச்சியின் வேலை இல்லையாம்.

ஆக, இயந்திரம் பார்த்த வயிறெல்லாம் ஒரே வயிறு. பார்த்தபோதெல்லாம் அதற்குள் ஒரு முயல் இருந்தது. கல்லீரல், மண்ணீரல், முயல் என்று அது பாவம் மனப்பாடம் செய்துகொண்டது.

புது உத்தி தொடங்கிய அன்று முதலில் வந்தது அமராவதி என்ற புள்ளிமான். இயந்திரத்தை ஓட்டுவது சாந்தலிங்கம் என்ற மரங்கொத்தி. அந்த டட் டட் சத்தத்துக்காகவே ஆசைப்பட்டு இந்த வேலையில் சேர்ந்தது.

"உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்குதுங்களா? கொலுசு, மூக்குத்தி, கட்டுன பல்லு?" என்று கேட்டது சாந்தலிங்கம்.

"நான் மானுங்க."

"அத நீங்க சொல்லக் கூடாது. படம் சொல்லணும். என்ன தொந்தரவு?"

"வயித்து வலிங்க. அருவிப் பக்கம் டூர் வந்தவங்க போட்டுட்டுப் போன புளிசாதத்த, ஆசையில பிளாஸ்டிக் பையோட முழுங்கிட்டேன். அந்தப் பைதான் உள்ள கெடந்து வலிக்குது."

"அதையும் படமே சொல்லட்டும்" என்று சாந்தலிங்கம் பொத்தானை அமுக்கியது.

இரண்டே நிமிஷத்தில் படம் வந்துவிட்டது. அமராவதியின் வயிற்றுக்குள் ஒரு முயல். இரண்டு காது, நாலு கால், மூடிய கண். பல் பட்ட தடமே இல்லை.

டாக்டர் நெடுங்கிள்ளி இரண்டாவது காலையும் கீழே ஊன்றிவிட்டார். அவ்வளவு சந்தோஷம். "என்ன தெளிவு! மீசையைக்கூட எண்ணிரலாம்! ரெண்டே நிமிஷத்துல!"

"டாக்டரே, நான் முயல் தின்னதே இல்லீங்க."

"உனக்குத் தெரியாமத் தின்னிருப்பே."

"பை இருக்குதான்னு பாருங்க டாக்டரே."

"பை இருந்தா தெரியாதா? முயலே இவ்வளவு நல்லாத் தெரியுது."

செய்தி காட்டுத்தீ மாதிரி பரவியது. அன்றைக்கு மத்தியானமே இலைதழை உண்போர் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் சென்னியப்பன் என்ற முயல். ஏற்கெனவே முயல்கள் கொஞ்ச காலமாக ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த கலக்கத்தில் இருந்தன. படத்தைப் பார்த்ததும் மூன்று குடும்பங்கள் ஒரே நேரத்தில் 'ஓ'வென்று அழுதன. ஒரு குடும்பம் அது எங்கள் பெரியப்பா என்றது, இன்னொன்று எங்கள் சம்பந்தி என்றது. கடைசியில் காதை வைத்து, அது சென்னியப்பனின் மைத்துனன் கோதண்டம்தான் என்று முடிவானது.

அந்த நேரம் பார்த்துக் கோதண்டமே புல்லை மென்றுகொண்டு வந்தது. "நான் உசுரோடதான இருக்கறேன்?"

"பேசாம உக்காருடா" என்றது சென்னியப்பன். "படத்துல நீ செத்துப் போயிட்டே. உன்னையப் பத்திதான் பேசீட்டு இருக்கறோம்."

கோதண்டம் உட்கார்ந்து தன் சாவுக்குத் தானும் கொஞ்சம் அழுதது.

தீர்ப்பு இதுதான்: இறைச்சி தின்றவர் இக்கரையில் இருக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் அமராவதி அக்கரைக்குப் போய்விட வேண்டும். அக்கரை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே வீரபாகு என்ற புலி இருந்தது. மானை அங்கே அனுப்புவதும் இலை போட்டுப் பரிமாறுவதும் ஒன்றுதான். அமராவதிக்குப் பால்குடி மறக்காத ஒரு குட்டி வேறு இருந்தது. அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் பயத்தில்தான் சில பேருக்கு மூளை வேலை செய்யும்.

"அந்த மெஷினுக்குள்ள ஒரு பலாப்பழத்த வெச்சுப் பாருங்க" என்றது அமராவதி. "அப்புறம் நான் போறேன்."

வைத்தார்கள். டட் டட் டட். படம் வந்தது. பலாப்பழத்துக்குள் சுளைகளுக்கு நடுவே ஒரு முயல், அதே மூடிய கண்ணோடு.

"பாத்தீங்களா!" என்று துள்ளியது அமராவதி.

"பாத்தேன்!" என்று அதைவிட உயரமாகத் துள்ளினார் டாக்டர் நெடுங்கிள்ளி. "பலாப்பழம் முயல் தின்னும்! உலகத்துல இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிக்காத விஷயம்!"

அவர் உடனே அதைக் கட்டுரையாக எழுத உட்கார்ந்துவிட்டார். முயல்கள் பலாமரத்தடியிலிருந்து அலறியடித்துக்கொண்டு ஓடின. ஒரு பழம் பொத்தென்று விழுந்ததும், 'துரத்துது, துரத்துது' என்று கூட்டம் சிதறியது. சாந்தலிங்கம் பலாமரத்தில் கொத்துவதை அன்றோடு நிறுத்திக்கொண்டது.

சென்னியப்பன் மட்டும் தலைவர் அல்லவா, கொஞ்சம் யோசித்தது. பலாப்பழம் விஷயம் அதற்கே உதைத்தது. "சரி, நானே படுத்துப் பாக்கறேன். என் வயித்துல முயல் இருந்தா இந்த மெஷின் பொய்யின்னு எழுதிரலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது. அமராவதிக்கு உயிர் வந்தது.

படத்தில் சென்னியப்பன் வயிற்றுக்குள் ஒரு முயல் சுருண்டு கிடந்தது.

டாக்டர் படத்தைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சந்தோஷமான சமாச்சாரம். முழுகாம இருக்கீங்க" என்றார்.

"நானா? நான் ஆம்பளைங்க!"

"மருத்துவம் எவ்வளவோ முன்னேறிருச்சு."

சென்னியப்பன் வெளியே வந்தபோது பழைய சென்னியப்பனாக இல்லை. நடை மெதுவாகிவிட்டது. ஒரு கை வயிற்றில் இருந்தது. அதற்குக் கல்யாணமாகி வெகு காலமாகப் பிள்ளை இல்லை. முயல் குலத்தில் அது எப்பேர்ப்பட்ட தலைகுனிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஓடிவந்து, மாங்காய் வேண்டுமா, புளியங்காய் வேண்டுமா என்று விசாரித்தார்கள்.

"தலைவரே, மெஷின் பொய்தானுங்களே?" என்று கேட்டது அமராவதி.

சென்னியப்பன் அமராவதியை நிமிர்ந்து பார்க்கவில்லை. படம் பொய் என்றால் அதன் பிள்ளையும் பொய்யாகிவிடும். "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்று மெதுவாகச் சொன்னது. "நீ கெளம்பு. எனக்கு அதிர்ச்சி ஆகாது."

அமராவதியின் கழுத்தில் அந்தப் படத்தைக் கொடியால் கட்டித் தொங்கவிட்டு, ஆற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். குட்டி கரையில் நின்று கத்தியது. அமராவதி அழுதுகொண்டே நீந்தியது. வழியெல்லாம் வயிறு வேறு வலித்தது.

அக்கரையில் வீரபாகு நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. சாப்பாடு தானாகவே நீந்தி வருவதை அது வாழ்நாளில் பார்த்ததில்லை. பாயப் போகும் நேரத்தில் கழுத்துப் படம் கண்ணில் பட்டது.

"இதென்ன?"

"என் வயித்துல இருக்கறதுங்க" என்றது அமராவதி நடுங்கிக்கொண்டே.

வீரபாகு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. "முயலு. முழுசா இருக்குதே. மெல்லலையா?"

"இல்லீங்க."

"காதோடவா?"

"காதோடதானுங்க."

வீரபாகு ஓர் அடி பின்னால் போனது. "நாங்கெல்லாம் ஒரு மொறையாக் கழுத்தக் கடிச்சு, தோலக் கிழிச்சு, எலும்ப ஒதுக்கித்தான் தின்னுவோம். காதோட முழுங்குறதுன்னா... நீ மான்தான?"

இதற்கு முன் எந்தப் புலியும் எந்த மானிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அமராவதிக்குச் சட்டென்று பொறி தட்டியது. கழுத்தை நிமிர்த்தியது. "எங்க கரையில இப்பல்லாம் அப்படித்தான். பலாப்பழம்கூட முயல் தின்னுது."

"பலாப்பழமா!"

"எங்க தலைவரே ஒரு முயலுதான். இப்ப அதுக்குள்ளயும் ஒரு முயலு."

வீரபாகுவின் மீசை தொங்கிவிட்டது. அமராவதி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே டாக்டர் சான்றளித்த உண்மை.

"எனக்கு லேசாப் பசிக்குது" என்றது அமராவதி, வீரபாகுவின் காதையே பார்த்தபடி.

"தாயே, நீ உங்க கரைக்கே போயிரு!" என்று கும்பிட்டது வீரபாகு. ஆழமில்லாத இடமாகப் பார்த்து வழிகாட்டி, பாதி ஆறு வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டும் போனது. புலியே கொண்டுவந்து விட்ட மானை வேண்டாம் என்று சொல்ல எந்தச் சங்கத்துக்குத் தைரியம் வரும்? குட்டி ஓடிவந்து மடியில் முட்டியது. அமராவதி சிரித்துக்கொண்டே அழுதது, அழுதுகொண்டே சிரித்தது.

அடுத்த நாளிலிருந்து காட்டில் உள்ள மான்கள் எல்லாம் ஸ்கேன் எடுக்க வரிசையில் நின்றன. வரிசை மறுபடியும் அருவியைத் தொட்டது. இப்போது யாருக்கும் வியாதி இல்லை. எல்லோருக்கும் கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். வீரபாகு இக்கரைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. டாக்டர் நெடுங்கிள்ளி பெரிய மாநாட்டுக்குப் பறந்துபோய், புது உத்தியில் ஸ்கேன் எடுத்துக்கொண்ட மான்களில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று வரைபடத்தோடு நிரூபித்தார். எல்லோரும் எழுந்து நின்று சிறகு தட்டினார்கள். புள்ளிவிவரத்தில் ஒரு தப்பும் இல்லை.

அமராவதி மட்டும் மறுபடியும் சாந்தலிங்கத்திடம் வந்து நின்றது.

"ஏனுங்க, உசுரு பொழச்சதுக்குக் கோடி கும்பிடு. ஆனா வயித்து வலி அப்படியேதான் இருக்குது."

சாந்தலிங்கம் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தது.

"காதோட முழுங்கியிருக்கீங்கல்ல? செரிக்கக் கொஞ்ச நாளாகும்."

நீதி: ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால், முதல் ஆளாக ஓடிப்போய் அசையாமல் படுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எவனோ தின்றதை நீங்கள்தான் செரிக்க வேண்டியிருக்கும்.