நிலவில் இறங்கிய முதலாளி

மனிதன் நிலவில் கால் வைத்ததைவிடப் பெரிய நிகழ்ச்சி ஒன்று சென்ற வாரம் சிவகாசியில் நடந்தது. நிலவில் கால் வைத்த அந்தப் படத்தை எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி காசிராஜன் அவர்கள் கல்யாண மண்டபத்தில் மாட்டினார்.

'விண்வெளிப் போட்டி: பத்திரிகைப் படக் கண்காட்சி.' செயலாளர், கம்பெனி மேனேஜராகிய அடியேன். ரஷ்ய நாய், அமெரிக்க ராக்கெட், நிலவில் பதிந்த பூட்ஸ் தடம் என எல்லாம் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள். அச்சடித்தது உள்ளூர் காலண்டர் பிரஸ். காலண்டர் பிரஸ்ஸுக்கு ஒரு தர்மம் உண்டு. படத்தில் இருப்பது முருகனே ஆனாலும், வலது மேல் மூலையில் ஆர்டர் கொடுத்தவர் முகம் வட்டத்துக்குள் வந்தாக வேண்டும். ஆகவே முதலாளி நாய்க்குப் பக்கத்தில் சிரித்தார். நிலவில் கொடி நட்டபோதும் கூடவே இருந்து சிரித்தார்.

"இறங்குனது ரெண்டு பேருன்னுல்ல படிச்சோம்?" என்றார் பார்க்க வந்த ஒருவர்.

"நம்மாளு முன்னாடியே போயி எடம் பாத்து வச்சிருப்பாரு," என்றார் கூட வந்தவர்.

கடைசிப் படம் உள்ளூர்ப் பெருமை. நிலவில் மனிதன் இறங்கிய வாரம் எங்கள் கம்பெனி ஆளுயரத்துக்கு ஒரு 'சந்திர ராக்கெட்' வாணம் செய்தது. அதைச் சுற்றி நின்ற வேலைக்காரப் பெண்களை ஒரு பத்திரிகை படம் பிடித்தது.

அதன் முன்னால்தான் புதுப்பட்டி மாரித்தாய் நகர மறுத்து நின்றாள். எங்களிடம் வெடிக்குத் திரி வைக்கிறவள்.

"அண்ணாச்சி, இதுல எங்கம்மா இருக்கா. வலப்பக்கம் கடைசில நின்னேன்னு சொல்லுவா. வீட்டுல வேற படம் கிடையாது. நான் சின்னப் பிள்ளையா இருக்கயில போயிட்டா. எனக்கு மொகமே மறந்து போச்சு."

பார்த்தேன். வலது கடைசியில் ஒரு சேலை நின்றது. சேலைக்கு மேல் முதலாளி சிரித்தார்.

"முதலாளியும் நமக்கு அம்மா மாதிரிதானம்மா," என்று ஆறுதல் சொன்னேன்.

"எங்கம்மாவுக்கு மீசை கிடையாது அண்ணாச்சி."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "வட்டத்தை எடுத்துட்டா நான் எங்கய்யா நிக்கிறது?" என்றார். நியாயம்தான். நிலவிலேயே இடம் கிடைத்தவருக்குப் புதுப்பட்டியில் இடமில்லை என்றால் எப்படி?

ஒழுங்கீனம் பிரஸ்ஸிலிருந்து வந்தது. டிசைன் பார்க்கும் அன்பரசன் மறுநாள் ஒரு கவரோடு வந்தான். வட்டம் போடுவதற்கு முந்தைய படத்திலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கி, லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தான். யாரும் அவனுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. மூலையில் அவன் முகம்கூட இல்லை.

"இந்தாங்கக்கா."

மாரித்தாய் முந்தானையால் படத்தைத் துடைத்தாள். அதில் தூசி இல்லை.

"எம்புட்டுச் சின்னவளா இருக்கா," என்றாள். "எம் மகளைவிடச் சின்னவ."

அவள் போன பிறகு அன்பரசன் என்னிடம் இன்னொரு படத்தை நீட்டினான். அதே பத்திரிகையின் பழைய இதழ்க் கட்டுக்குள் கிடைத்ததாம். கூரை பறந்த எங்கள் ஷெட். வாசலில் பாய் போட்டு மூடிய வரிசை. மாரித்தாயின் அம்மா கடைசியாக வேலை பார்த்த ஷெட் அது. காசிராஜன் அவர்கள் முதலாளியாகப் பொறுப்பேற்ற வருடம்.

செயலாளர் கடமைக்கு அதையும் முதலாளி முன் வைத்தேன். "கூரை வானத்துக்குத்தான் போயிருக்கு. கண்காட்சிக்குப் பொருத்தம். வழக்கம்போல மூலையில உங்க படத்தைப் போட்டு..."

முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யோவ், இதுல என் படம் எதுக்கு? எனக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிலவு வரை போய்ச் சிரித்தவர், சொந்த ஷெட் வாசலில் முகம் காட்ட மட்டும் கூச்சப்படுகிறார். என்ன ஒரு தன்னடக்கம்!