மாப்பிள்ளையின் மோதிரமும் டீக்கடை டப்பாவும்

எனக்கு எழுபத்தாறு வயது. மூன்று பெற்றேன், கொழுந்தன் பிள்ளையோடு நான்கு வளர்த்தேன். இதுவரை என்னை யாரும் ஏமாற்றியதில்லை. (முயன்று பார்த்தவர்கள் உண்டு.) அப்பேர்ப்பட்ட நான் ரயில்வே யார்டில் அசடு வழிந்து நின்ற கதை இது.

சின்ன மாப்பிள்ளை முருகனுக்கு ஷண்டிங் வேலை. ரயில் பெட்டிகளைப் பிரிப்பது, சேர்ப்பது, கொக்கி மாட்டுவது. கல்யாணமான புதிதில், இந்தியும் தெலுங்கும் புழங்கும் ஹப்சிகுடாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட வந்த மாப்பிள்ளையின் விரல் மொட்டையாக இருந்தது. சாயங்காலம் நாங்கள் போட்ட மோதிரம் மின்னியது. சும்மா இருப்பேனா?

மறுநாள் சாப்பாட்டுக் கேரியரைச் சாக்காக எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். யார்டு வாசல் டீக்கடையில் மோதிரத்தைக் கழற்றிக் கடைக்காரியிடம் கொடுத்தார்! அவளும் சிரித்துக்கொண்டே வாங்கினாள். என் பெண்ணின் வாழ்க்கை போயிற்று என்று முடிவு கட்டினேன்.

தண்டவாளம் என்றும் பாராமல் உள்ளே பாய்ந்தேன். தூரத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு எஞ்சின் வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன்.

“மாப்ளே! நில்லுங்க!”

நின்றது மாப்பிள்ளை இல்லை, எஞ்சின். விசில் ஊதியது, சிவப்புக் கொடி பறந்தது, நாலாபுறமும் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

“கைக்கு அம்மா கத்துறீங்க? யாரு மாட்டிக்கிட்டாங்க?” என்றார் கூட வேலை செய்யும் யாதகிரி. (‘கைக்கு’ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ‘எதுக்கு’.)

“என் பொண்ணு!”

மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. “அத்தை, இங்க ரெண்டு கையத் தூக்கினா யாரோ சாகப் போறாங்கன்னு அர்த்தம்.”

“மோதிரம் ஏன் அவகிட்ட இருக்கு? அதச் சொல்லுங்க முதல்ல.”

டீக்கடைக்காரியே பிஸ்கட் டப்பாவோடு ஓடி வந்தாள். திறந்தால், உள்ளே அத்தனையும் மோதிரம்.

“சந்தேகம் நக்கோ, வேணாம் பெரியம்மா. கொக்கியில மோதிரம் சிக்குனா விரலும் அங்கயே நின்னுடும். அதான் இந்த ஷிப்ட் மொத்தமும் கழட்டி எங்கிட்டக் குடுக்குது. எனக்குப் போட்டுவிடத்தான் ஒருத்தனும் இல்ல!”

யார்டே சிரித்தது. கேரியரை நீட்டினேன். வேறென்ன செய்ய?

எஞ்சினை ஏன் நிறுத்தினீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். “மாமியார், சார்” என்றாராம் மாப்பிள்ளை. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையாம்.

இன்றைக்கும் சோறு போதும் என்று நான் கையைத் தூக்கினால், வீட்டில் எல்லோரும் அப்படியே சிலையாகி நிற்கிறார்கள். நிற்கட்டும். அந்த டீக்கடைக்காரி மோதிரம் வாங்கியபோது எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று மட்டும் இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அடி பேத்தி ரம்யா, இங்கே வா. இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு. அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் நிறுத்திப் படி. உங்கப்பா முகத்தை நான் பார்க்க வேண்டும்.