மூன்றாவது மதிப்பீட்டாளர் பேருக்கு ஓர் அர்ச்சனை

கோலா சிலாங்கூர்

பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட மூன்றாவது மதிப்பீட்டாளர் ஐயா அல்லது அம்மையார் அவர்களுக்கு,

நாங்கள் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிதோறும் எங்கள் செம்பனைத் தோட்டத்து மாரியம்மனிடம் விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது. காரணம் பாசம் அல்ல. தாங்கள் சரி என்று சொன்னால்தான் என் அக்கா கண்மணியின் ஆய்வுக் கட்டுரை அச்சில் வரும்; வந்தால்தான் கோலாலம்பூரில் அவளுடைய ஆய்வுக்கூட வேலை இந்த வருடத்தோடு முடியாமல் நீளும்; அதுவரை என் தலைமுடியும் நீளும்.

முடி எப்படி இதற்குள் வந்தது என்று கேட்பீர்கள். அக்கா கட்டுரையை அனுப்பிய அன்றே அம்மா வேண்டிக்கொண்டார்: கட்டுரை ஏற்கப்பட்டால் மகனுக்கு மொட்டை. மகன் என்பது நான், தனேஷ், பள்ளியில் படிவம் நான்கு மாணவன். கட்டுரை அவளுடையது, தலை என்னுடையது. நேர்ந்துவிட்ட முடியில் கத்தரி படக்கூடாதாம். மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களும் சரி என்று சொல்லி ஒதுங்கிவிட்டார்கள். தாங்கள் மட்டும் இன்னொரு சோதனை கேட்டீர்கள். அவள் செய்து அனுப்புவதற்குள் என் காது மறைந்தது. பிறகு வேறொன்று கேட்டீர்கள். அதைச் செய்துகொண்டிருக்கிறாள், எனக்குத் தோளைத் தொட்டுவிட்டது. உங்கள் முடிவில்தான் என் முடி தொங்குகிறது.

அவளுடைய ஆராய்ச்சி தங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குத் தெரிந்த விதம் வேறு. செம்பனை லோரி ஓட்டும் அப்பாவுக்கு அக்கா இப்படி விளக்கினாள்: "மரபணு சுவிட்சு மாதிரிப்பா. அது நல்லாத்தான் இருக்கு. மேல ஒரு ரசாயன அடையாளம் வந்து ஒட்டிக்கிட்டா போட முடியாது. அதை ஒட்டுற ஒரே ஒரு என்சைமை மட்டும் நிறுத்துற மருந்து நான் செய்யறேன்."

"சுவிட்சு மேல டேப்பு. ஒட்டுறவன் கையைப் புடிச்சிக்குது உன் மருந்து. அவ்ளோதான லா?" என்றார் அப்பா.

"ஒட்டினது யாருன்னு மொதல்ல கேளுங்க," என்றார் அம்மா. அவருக்குப் பக்கத்து வீட்டின்மேல் சந்தேகம்.

பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் சசிகுமார் சார் கத்தரியோடு வந்தார். மறுநாள் அம்மா போய் நின்றார். "சார், அது இவன் முடி இல்ல, ஆத்தா முடி. வெட்டுங்க. அப்புறம் ஆத்தாகிட்ட நீங்களே பேசிக்குங்க." கத்தரி பைக்குள் போனது. அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் பள்ளிச் சபை கூடும்போது எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "என்னடா, அந்த மூணாவது ஆளு என்ன சொன்னான்?"

"இன்னொரு கன்ட்ரோல் சோதனை கேக்கிறாங்க சார்."

"கன்ட்ரோலு உனக்குத்தாண்டா மொதல்ல வேணும்."

பொறுக்காமல் அம்மா தங்கள் பேருக்கே அர்ச்சனை செய்யக் கிளம்பிவிட்டார். தட்டை வாங்கிக்கொண்டு பூசாரி முருகையா கேட்டார்: "பேரு?"

"தெரியாது சாமி. மூணாவது ஆளு."

"நட்சத்திரம்?"

"அதையும் மறைச்சிட்டாங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ரகசியமாம்."

பூசாரி சற்று யோசித்தார். "சரிம்மா, மூணாவது ஆளுன்னே சொல்லிடறேன். ஆத்தாளுக்குத் தெரியாத ஆளா?" அடுத்த வாரமே பூசாரியின் மூன்றாவது மகனுக்குக் கிள்ளானில் வேலை கிடைத்தது. அருள் விலாசம் மாறிப் போய்விட்டதாக அம்மா கருதுகிறார்.

ஆகவே, அந்தக் கடைசிச் சோதனையைத் தள்ளுபடி செய்து சரி என்று சொல்லிவிடுங்கள். முடியாதென்றால் நட்சத்திரத்தையாவது எழுதி அனுப்புங்கள். தங்கள் குடும்பம் தழைக்கவும், தங்கள் கட்டுரைகளுக்குத் தங்களைப் போல் ஒருவர் அமையாதிருக்கவும் ஆத்தா அருளட்டும்.

பணிவோடும் முடியோடும்,
தனேஷ்

பி.கு.: இதை ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லி, வீட்டுக்கு வந்திருந்த அக்காவிடம் கொடுத்தேன். அர்ச்சனை வரைக்கும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அவங்க கேட்ட சோதனை நேத்துதான்டா முடிஞ்சுச்சு. என் மருந்து ஒரு என்சைமை மட்டும் நிறுத்தல. பக்கத்துல இன்னொண்ணையும் சேர்த்து நிறுத்துது. கேக்காம விட்டிருந்தா தப்பு என் பேர்லயே அச்சாயிருக்கும்."

"அப்ப வேலை?"

"தெரியல. உள்ளதை உள்ளபடி மறுபடியும் எழுதணும். திரும்பி உக்காரு."

உட்கார்ந்தேன். தன் தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி என் முடியை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

எனவே மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடவும். நிதானமாகப் பாருங்கள், இன்னும் எது வேண்டுமானாலும் கேளுங்கள். அம்மா வெள்ளிக்கிழமைக்குத் தட்டு எடுத்து வைத்துவிட்டார், இந்த முறை நன்றி சொல்ல. நட்சத்திரம் மட்டும் இன்னும் தேவைப்படுகிறது.